‘புவேனோ’வுக்கு ‘நல்ல’ என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது

மாட்ரிட்டுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை வீட்டைப் பற்றி. அடுத்தது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று. ஸ்பானிஷ் மொழிக்கு என்ன செய்கிறாய் என்று நான் கேட்டால், “போன்ல ஆப் இருக்கு அக்கா, தினமும் பத்துச் சொல்லு படிக்கிறேன்” என்பார்கள். தப்பில்லை. ஆனால் பத்துச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் எழுதி மனப்பாடம் செய்வதைவிட, ஒரே சொல்லைப் பத்து இடத்தில் கேட்டுப் பழகினால் இந்த ஊரில் சீக்கிரம் கைகொடுக்கும். அப்படி ஒரு சொல்லைச் சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்காமல் ‘புவேனோ’ என்பேன்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடும். பக்கத்தில் ‘நல்ல’ என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் இங்குள்ளவர்கள் பழத்தையும் மனிதரையும் கம்ப்யூட்டர் கோப்பையும், வணக்கத்தையும் தயக்கத்தையும் திட்டையும் எல்லாம் இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிடுகிறார்கள். எதை எப்போது சொல்கிறார்கள் என்பது அகராதியில் தெரியாது. அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்த வினைச்சொல் நிற்கிறது, பின்னால் என்ன வருகிறது, எந்தத் தொனியில் இழுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடுவோம். ‘பு-வே-னோ’ என்று மூன்றாக உடைக்காமல், ‘ப்வே-னோ’ என்று இரண்டாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் ‘வே’ மேல். முதல் ஒலி ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் ப. ‘பழம்’ சொல்லும்போது வருவதல்ல. நமக்கு இந்த மொழியில் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்பானிஷ்காரர்களின் த நம் ‘த’வைப் போலவே பல்லில் தொட்டு வரும். ஆங்கில வாடையோடு ‘எஸ்டா’ என்று சொல்லாமல் ‘எஸ்தா’ என்று சொல்லும் தமிழரைக் கேட்டு இங்குள்ளவர்கள் ஆச்சரியப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்பானிஷில் ‘இருத்தல்’ என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள்: செர், எஸ்தார். இன்னார் இன்னது என்று அடையாளம் சொல்ல செர். இப்போது எப்படி இருக்கிறது என்று நிலை சொல்ல எஸ்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே வந்ததும் திணறுவார்கள். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்பானிஷ் படிக்கிறோம். அதனால் அவர்களுடைய திணறலையும் சேர்த்துக் கடன் வாங்கிக்கொள்கிறோம். தேவையே இல்லை. ‘அவர் நல்லவர்’ என்று சொல்லும்போது நாம் வினைச்சொல்லே போடுவதில்லை. ‘குழம்பு நன்றாக இருக்கிறது’ என்னும்போது ‘இரு’ வந்துவிடுகிறது. அடையாளம் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம். இந்தப் பிரிவு நம் நாக்கிலேயே இருக்கிறது. முதல் வகையை ‘எஸ்’ (செர் வினையின் உருவம்) என்றும், இரண்டாவதை ‘எஸ்தா’ (எஸ்தார் வினையின் உருவம்) என்றும் மாற்றிப் பாருங்கள்; புவேனோ வரும் வாக்கியங்களில் பெரும்பாலும் சரியாகவே வரும்.

இதை எனக்கு வகுப்பறையைவிட நன்றாகக் காட்டியது பழக்கடை. மாட்ரிட்டில் குவாத்ரோ கமினோஸ் பக்கம், பிராபோ முரீயோ தெருவில் மராபியாஸ் என்ற பெரிய சந்தை இருக்கிறது. கோடையில் அங்கே ‘பியெல் தெ சாப்போ’ என்ற முலாம்பழம் குவிந்துகிடக்கும். பெயருக்குத் தேரைத்தோல் என்று அர்த்தம். பச்சையும் கரும்புள்ளியுமாகத் தோல் அப்படித்தான் இருக்கும், உள்ளே வெள்ளையாக, சாறாக இருக்கும். நான் கடைக்காரரிடம், “சோன் புவேனோஸ்?” என்று கேட்டேன். செர் வினை, பன்மை. அவர் நிமிர்ந்து, “பியாகோனெஹோஸ் பழம், அம்மணி” என்றார். பியாகோனெஹோஸ் என்பது மாட்ரிட் மாகாணத்தில் முலாம்பழத்துக்குப் பேர்போன ஊர். நான் கேட்டது ஜாதி. அவர் சொன்னதும் ஜாதி. இலக்கணப்படி குறையே இல்லாத கேள்விக்குக் குறையே இல்லாத பதில்.

எனக்குப் பின்னால் தள்ளுவண்டிப் பையோடு நின்ற பாட்டி, “எஸ்தான் புவேனோஸ்?” என்று கேட்டார். எஸ்தார் வினை. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. கத்தியை எடுத்து, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பழத்திலிருந்து மெல்லிய கீற்றாக நறுக்கி, கத்தி முனையிலேயே நீட்டினார். பாட்டி மென்றுவிட்டு, “எஸ்தே ஆ சாலீதோ புவேனோ” என்றார். இது நல்லதாக வாய்த்திருக்கிறது என்று பொருள். ‘சாலீர்’ என்றால் வெளியே வருவது. பழத்தையோ கல்யாணத்தையோ வாங்கிய வண்டியையோ பற்றி, ‘நல்லபடியா அமைஞ்சிருச்சு’ என்று நாம் சொல்வோமே, அந்த இடத்தில் ‘சாலீர் புவேனோ’ வரும். அன்றைக்கு நான் கொடுத்த காசுக்கு முலாம்பழமும் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. சந்தையில் எதை வாங்கினாலும் ‘எஸ்தா’ போட்டுக் கேளுங்கள். கீற்று கிடைக்க வாய்ப்பு உண்டு.

சாப்பாட்டில் இன்னொரு நுணுக்கம். ‘நல்லா இருக்கு’ என்பதற்கு நமக்கு ஒரே வாக்கியம். அவர்களுக்கு இரண்டு: ‘எஸ்தா புவேனோ’, ‘எஸ்தா பியென்’. உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுச் செய்யும் தோர்த்தீயாவை யாராவது வீட்டில் ஆசையாகச் செய்து தட்டில் வைத்தால், ‘எஸ்தா பியென்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ‘பரவாயில்லை, சாப்பிடலாம்’ என்கிற ரகம். சமைத்தவர் முகம் கொஞ்சம் சுருங்கும். ‘எஸ்தா புவேனா’ என்றால் ருசியாக இருக்கிறது என்று அர்த்தம் (தோர்த்தீயா பெண்பால் என்பதால் ‘புவேனா’). இன்னும் மனதாரச் சொல்ல ‘புவெனீசிமா’. லத்தீன் அமெரிக்கர்கள் இந்த இடத்தில் ‘ரீக்கோ’ என்பதை அதிகம் சொல்வார்கள். அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

‘எஸ் புவேனோ’ என்று உணவைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் உடம்புக்கு நல்லது, பொதுவாகத் தரமானது என்ற பக்கம் போகும். ‘இருமலுக்குத் தேன் நல்லது’ என்று பாட்டி வைத்தியம் சொல்வதற்கு ‘எஸ்’. ‘இந்தத் தேன் நல்லா இருக்கு’ என்று விரலை நக்கிக்கொண்டு சொல்வதற்கு ‘எஸ்தா’. பால் திரிந்துவிட்டால் ‘எஸ்தா மாலா’ (‘மாலோ’ என்றால் கெட்ட; இங்கே பெண்பாலில் ‘மாலா’). புவேனோ எங்கே போகிறதோ அங்கே மாலோவும் பின்னாலேயே போகும்.

மனிதர்களிடம் வரும்போதுதான் கவனம் தேவை. ‘எஸ் புவேனோ’ என்றால் நல்ல மனசுக்காரர். மருத்துவரையோ மெக்கானிக்கையோ பற்றிச் சொன்னால் கைதேர்ந்தவர் என்றும் ஆகும். குழந்தையிடம் ‘புவேனோ’வாக இருந்தாயா என்று கேட்டால், சேட்டை பண்ணாமல் இருந்தாயா என்று பொருள். ஜனவரி 5 இரவு, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் வந்து, புவேனோவாக இருந்த பிள்ளைகளுக்குப் பரிசும் மற்றவர்களுக்குக் கரியும் வைப்பார்கள் என்பது இங்குள்ள நம்பிக்கை. அந்தக் கரியைக் கறுப்புச் சர்க்கரையில் செய்து கடையில் விற்கிறார்கள், அதனால் சேட்டைக்காரப் பிள்ளைகளுக்கும் நஷ்டமில்லை.

‘எஸ்தா புவேனோ’, ‘எஸ்தா புவேனா’ என்று வளர்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் ஆள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கிறார் என்று ஆகிவிடும். கொஞ்சம் கொச்சையான கவர்ச்சி. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவரிடம் ‘எஸ்தோய் புவேனோ’ என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிய கதையை ஸ்பானிஷ் படித்த எல்லோரும் ஒன்று வைத்திருப்பார்கள், அதை இங்கே நீட்டப்போவதில்லை. ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு ‘எஸ்தோய் பியென்’. சாப்பாடு நல்லா இருந்தால் புவேனோ, ஆள் நல்லா இருந்தால் பியென். அவ்வளவுதான்.

இதிலும் ஒரு விலக்கு. காய்ச்சலில் கிடந்து தேறியவர் ‘யா எஸ்தோய் புவேனோ’ என்று சொல்வதைக் கேட்கலாம். ஸ்பெயினில் ‘போனெர்சே புவேனோ’ என்றால் உடம்பு குணமாவது, ‘போனெர்சே மாலோ’ என்றால் சுகமில்லாமல் போவது. என் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் அம்மையார், நான் தொண்டை கட்டிப்போய் லிஃப்டில் நின்றபோது, சீக்கிரம் ‘புவேனா’ ஆகணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். நம் வாயில் ‘சீக்கிரம் நல்லாயிரு’ என்று வருவது போலத்தான். இந்த விலக்கைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்; ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்க்க வேண்டாம்.

வினைச்சொல் ஒன்று மாறினால் எவ்வளவு தூரம் போய்விடும் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சுவழக்கே சாட்சி. ‘எஸ் மாஸ் புவேனோ கே எல் பான்’: ரொட்டியைவிட நல்லவர், அதாவது தங்கமான மனுஷன். ‘எஸ்தா மாஸ் புவேனோ கே எல் பான்’: ஆள் சும்மா கிண்ணென்று இருக்கிறார். மற்றதெல்லாம் அதே சொற்கள். முதலாவதைப் பாதிரியாரைப் பற்றிச் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்றும் இதில் கவனிக்கலாம்: தரத்தில் ஒன்றைவிட ஒன்று மேல் என்பதற்கு ‘மெஹோர்’ என்ற தனிச்சொல் உண்டு, அங்கே ‘மாஸ் புவேனோ’ சொல்லக் கூடாது என்று ஆசிரியர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள். ஆனால் மனசின் நன்மையைச் சொல்லும்போது ‘மாஸ் புவேனோ’ தாராளமாக வரும்.

தமிழ் வழியாக யோசிப்பது உதவும் என்று சொன்னேன், எல்லா இடத்திலும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘வீடு பெரிதாக இருக்கிறது’ என்போம். அங்கே ‘இருக்கிறது’ இருக்கிறதே என்று ‘எஸ்தா’ போட்டால் தப்பு. வீட்டின் அளவு வீட்டின் அடையாளம், எனவே ‘எஸ்’. ‘இரு’வை நாம் ஸ்பானிஷ்காரர்களைவிடத் தாராளமாகச் செலவழிக்கிறோம். இன்னொன்று, நம் ‘நல்ல’ எதற்கும் மசியாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல பழங்கள் என்று எல்லாவற்றுக்கும் அதே ‘நல்ல’தான். அவர்களுக்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று நான்கு உருவம்: புவேனோ, புவேனா, புவேனோஸ், புவேனாஸ். இதில் விதியைப் படித்து எனக்குப் பெரிதாகப் பயன் வரவில்லை. ஜோடியாகப் பழகியதுதான் நின்றது: ‘புவேனா இதேயா’ (நல்ல யோசனை), ‘புவேனா சுவெர்த்தே’ (நல்லதிர்ஷ்டம்). பெயர்ச்சொல்லோடு ஒட்டியே வாயில் வந்துவிட்டால், இது ஆண்பாலா பெண்பாலா என்று நடுவில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

‘புவேனா பெர்சோனா’ ஒரு வேடிக்கையான ஜோடி. என் மேலாளர் ஆறடி உயர ஆண். அவரைப் பற்றிச் சொல்லும்போதும் ‘எஸ் புவேனா பெர்சோனா’ என்று பெண்பாலில்தான் வரும், ஏனென்றால் ‘பெர்சோனா’ என்ற சொல் பெண்பால். ‘புவேனா ஹெந்தே’ என்பதும் அப்படியே. ஹெந்தே என்றால் ஜனம், ஆனால் ஒற்றை ஆளைப் பார்த்தும் ‘எஸ் முய் புவேனா ஹெந்தே’ என்பார்கள். ரொம்ப நல்ல மாதிரி என்று அர்த்தம். வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கும்போது இந்தப் பதில் வந்தால் நிம்மதியாக முன்பணம் கொடுக்கலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போது, அந்தப் பெயர்ச்சொல் ஆண்பால் ஒருமையாக இருந்தால், புவேனோவின் வால் அறுந்துவிடும்: ‘புவென்’. ‘உன் புவென் அமீகோ’, ஒரு நல்ல நண்பன். நடுவில் வேறொரு சொல் வந்தாலும் அப்படித்தான், ‘உன் புவென் ப்ரிமேர் பாசோ’ என்றால் நல்ல முதல் அடி. பின்னால் நின்றால் முழுசாக நிற்கும். ‘உன் ஓம்ப்ரே புவேனோ’ என்றால் உண்மையிலேயே நல்ல உள்ளம் படைத்த மனிதர். ‘உன் புவென் ஓம்ப்ரே’ என்றாலும் நல்ல மனிதர்தான், ஆனால் சில வாயில் அது ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று லேசாகத் தட்டிக்கொடுப்பதாக ஒலிக்கும். தெருவில் முன்பின் தெரியாதவரை ‘புவென் ஓம்ப்ரே’ என்று கூப்பிட்டால் மேலிருந்து கீழே பேசுகிற வாடை வரும். வேண்டாம்.

முன்னால் நிற்கும் ‘புவென்’ அளவையும் சொல்லும். ‘உன் புவென் ராத்தோ’ என்றால் ரொம்ப நேரம். ‘உன் புவென் சூஸ்தோ’ என்றால் நல்ல பயம். பயத்தில் என்ன நல்லது என்று தமிழரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. நல்ல அடி, நல்ல மழை, நல்ல வெயில் என்று நாம் பேசுவதுதான். இந்த இடத்தில் என்னோடு வகுப்பில் இருந்த ஜெர்மன்காரர் முழித்தார், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வணக்கம் சொல்வதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எந்தப் புத்தகமும் சொல்லும். ‘புவேனோஸ் தியாஸ்’ காலைக்கு, ‘புவேனாஸ் தார்தெஸ்’ பிற்பகலுக்கு, ‘புவேனாஸ் நோச்செஸ்’ இரவுக்கு. எல்லாம் பன்மை. புத்தகம் சொல்லாதது: ஸ்பெயினில் பிற்பகல் கடிகாரத்தில் தொடங்குவதில்லை, மதியச் சாப்பாட்டில் தொடங்குகிறது. சாப்பாடோ இரண்டு மணிக்கு மேல்தான். ஒரு மணிக்கு ‘தார்தெஸ்’ என்று சொன்னால், “நான் இன்னும் சாப்பிடலையே” என்று பதில் வரும். குழப்பமாக இருந்தால் ‘புவேனாஸ்’ என்று மட்டும் சொல்லுங்கள். எந்த நேரத்துக்கும் ஓடும்.

இந்த ஒற்றை ‘புவேனாஸ்’ சாதாரண விஷயமில்லை. லிஃப்டில் ஏறும்போது, மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது, ரொட்டிக் கடைக் கதவைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பொதுவாக ஒரு ‘புவேனாஸ்’ போட வேண்டும். உள்ளிருந்து இரண்டு மூன்று ‘புவேனாஸ்’ திரும்பி வரும். நம் ஊரில் கடைக்குப் போனால் நேராக, ‘அண்ணே, அரைக் கிலோ தக்காளி’ என்று தொடங்குவோம். ‘அண்ணே’விலேயே மரியாதை, உறவு எல்லாம் அடங்கிவிடுகிறது. இங்கே அண்ணே கிடையாது. ‘புவேனாஸ்’ இல்லாமல் தக்காளி கேட்டால் கடைக்காரர் தருவார், ஆனால் முகம் கொடுக்க மாட்டார். மொழி தெரியாத காலத்திலும் இதை மட்டும் பழகிக்கொண்டால் அக்கம்பக்கம் சீக்கிரம் பழகிவிடும்.

அப்புறம் அலுவலகம். இங்கேதான் புவேனோ பெயரடை வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. நாம் ‘சரி’ என்ற சொல்லை வைத்து என்னவெல்லாம் செய்கிறோமோ அதையெல்லாம் அவர்கள் புவேனோவை வைத்துச் செய்கிறார்கள். கூட்டம் தொடங்க: “புவேனோ, ஆரம்பிக்கலாமா.” பேச்சை மாற்ற: “புவேனோ, அது இருக்கட்டும்.” தான் சொன்னதையே திருத்திக்கொள்ள: “எல்லோரும் வந்தாங்க, புவேனோ, முக்கால்வாசிப் பேர்.” கோபத்தில் ‘பேரோ புவேனோ!’ என்றால் ‘என்னய்யா இது!’ குழந்தை கண்ணாடி டம்ளரை உடைத்தாலும் அமைச்சர் ராஜினாமா செய்தாலும் அதே ‘பேரோ புவேனோ’தான்.

ஆபத்தானது இழுத்துச் சொல்லும் புவேனோ. “புவேஏஏனோ…” என்று குரல் இறங்கிக்கொண்டே போனால் அது சம்மதமில்லை. ‘நீ சொல்றே, எனக்கு அவ்வளவு சரியாப் படலை’ என்று அர்த்தம். “புவேனோ, யா பெரேமோஸ்” என்றால் ‘சரி, பார்க்கலாம்’. பெண் பார்க்கப் போன வீட்டில் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்தால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் ஏறக்குறைய அதுதான். நிறுவனங்களுக்காக வேலை செய்யும் நம் பிள்ளைகள், வாடிக்கையாளர் புவேனோ சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘ஒப்புதல் வந்தாச்சு’ என்று சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள். ஒப்புதல் அப்படி வராது. ‘வாலே’ என்று வரும், ‘தெ அகுவெர்தோ’ என்று வரும். எழுத்தில் வேண்டுமென்றால் அதற்கென்றே ‘விஸ்தோ புவேனோ’ என்று ஒன்று இருக்கிறது. ‘பார்த்தேன், சரி’ என்று அர்த்தம். கோப்பின் அடியில் சுருக்கி இரண்டெழுத்தில் போட்டு, பக்கத்தில் கையெழுத்திடுவார்கள். கூட்டத்தில் என்ன பேசினாலும், முடிந்ததும் மேலாளரிடம் விஸ்தோ புவேனோ தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது என் பழக்கம். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அது இங்குள்ள அலுவலகத்தின் சொந்தச் சொல்.

கோப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரே அறிக்கை ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று ஏழெட்டாகப் பெருகிக் கிடக்கும் இடத்தில், “இதில் லா புவேனா எது?” என்று கேட்பார்கள். இங்கே புவேனா என்றால் நல்லது என்றில்லை. செல்லுபடியாகிறது எது, சரியானது எது என்று கேட்கிறார்கள். சாவிக்கொத்தில் கதவைத் திறக்கும் சாவியும் ‘லா புவேனா’தான். கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப் போடுகிற கோட்டு ‘எல் புவேனோ’. புடவை அடுக்கில் நாம் ஒன்றைத் தனியாக ‘நல்ல புடவை’ என்று வைத்திருப்போமே, அது.

கிண்டலிலும் புவேனோ வரும், அதில் நாம் வெளியாட்களே இல்லை. ஒருவர் காரியத்தைக் கெடுத்துவிட்டால் ‘புவேனா லா ஆஸ் ஏச்சோ’ என்பார்கள். ‘நல்ல வேலை பண்ணினே போ’ என்று அம்மா சொல்வது அப்படியே. ‘எஸ்தாரீயா புவேனோ!’ என்றால் ‘நல்ல கதையா இருக்கே!’ ‘எஸ்தாமோஸ் புவேனோஸ்’ என்றால் நன்றாக மாட்டிக்கொண்டோம். எல்லாம் முடிந்த பிறகு உதவிக்கு வந்து நிற்பவரைப் பார்த்து, ‘ஆ புவேனாஸ் ஓராஸ், மாங்காஸ் பெர்தெஸ்!’ என்பது பழைய வசனம். நல்ல நேரத்துக்கு வந்தீங்க, பச்சைக் கைகளே என்று பொருள். 1476இல் கத்தோலிக்க அரசர்கள் என்றழைக்கப்படும் இசபெல்லும் பெர்னாந்தோவும் ‘சாந்தா எர்மான்தாத்’ என்ற காவல் படையை ஏற்படுத்தினார்கள். அவர்களுடைய சட்டைக் கை பச்சை நிறம். திருடன் ஓடிப்போன பிறகுதான் வந்து சேர்வார்கள் என்று அப்போதே ஊரில் பேச்சு. படை கலைந்து எத்தனையோ காலமாகியும் வசனம் போகவில்லை. இப்போதெல்லாம் ‘ஆ புவேனாஸ் ஓராஸ்’ என்ற முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள், மீதி எல்லோருக்கும் தெரியும். நான் மாலைக் கூட்டத்துக்குத் தாமதமாக வரும் நண்பரிடம் இதைப் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் யார் பாராட்டியும் வராத சந்தோஷம் அவர் சிரிப்பில் வந்தது. ஆனால் மேலாளரிடம் இந்த வகையை வைத்துக்கொள்ளாதீர்கள். கிண்டல் பேச்சில் தொனி ஒரு நூல் பிசகினாலும் வசவாகிவிடும்.

இதெல்லாம் ஸ்பெயின் கணக்கு. அட்லாண்டிக்கைத் தாண்டினால் கொஞ்சம் மாறும். நல்ல சேதி கேட்டால் மாட்ரிட்காரர் ‘கே பியென்!’ என்பார், மெக்சிகோக்காரர் ‘கே புவேனோ!’ என்பார். ஸ்பெயினில் ‘கே புவேனோ’ பெரும்பாலும் ருசிக்கும் நல்ல நகைச்சுவைக்கும். அர்ஜென்டினாவில் காலை வணக்கத்தை ஒருமையில் ‘புவென் தியா’ என்பார்கள். அவர்கள் தலைநகரான புவேனோஸ் ஐரெஸின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1536இல் பெத்ரோ தெ மெந்தோசா அங்கே முதல் குடியிருப்பை அமைத்தபோது, மாலுமிகள் வழித்துணையாக வேண்டிக்கொள்ளும் ‘நல்ல காற்றின்’ மாதாவின் பெயரை வைத்தார். சார்தீனியா தீவின் காக்லியாரியில் இருக்கும் போனாரியா மாதாவிடமிருந்து வந்த பெயர் அது. அந்தக் குடியிருப்பு நிலைக்கவில்லை. 1580இல் ஹுவான் தெ கராய் மறுபடி நிறுவினார். பாய்மரக் கப்பலில் வந்தவர்களுக்கு ‘புவேனோஸ் ஐரெஸ்’ என்றால் கரை சேர்க்கும் காற்று.

மெக்சிகோக் குழுவோடு வேலை செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு. அங்கே பேச்சில் ‘உன் புவென் தெ’ என்றால் ஏகப்பட்ட என்று பொருள். ‘உன் புவென் தெ ஹெந்தே’ என்றால் கூட்டமான கூட்டம். நல்ல ஜனங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் தொலைபேசி. ஸ்பெயினில் எடுத்தவுடன் ‘தீகா’, ‘தீகாமே’, ‘சீ’ என்பார்கள். மெக்சிகோவில் ‘புவேனோ?’ என்பார்கள். தொலைபேசி வந்த புதிதில் லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று ஆபரேட்டர்கள் கேட்டுக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும், அந்த ‘புவேனோ?’வுக்குப் பதிலாக நீங்களும் ‘புவேனோ’ என்றால் எதிர்முனையில் இருப்பவர் லைன் சரியில்லை என்று நினைத்து மறுபடியும் ‘புவேனோ?’ என்பார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள்.